ஓடுதளத்துக்கு அடியில் அம்மன்

அக்கா,

புதுச் சாலைக்காக நம் பழைய ஓடுதளத்தைப் பெயர்க்கிறார்கள். நேற்று மழை விட்டதும் உடைந்த சிமெண்டிலிருந்து கருவாட்டு வாசனை எழுந்தது. அங்கே மீன் காயப்போடுவதை நிறுத்தி எத்தனையோ வருஷமாயிற்று. அந்த வாசனைக்கு நடுவில்தான் அம்மன் கல் கிடைத்தது.

வெள்ளைக்காரன் யுத்தத்தில், பட்டணத்தைக் காக்க விமானம் இறங்க வேண்டுமென்று, அம்மனை அப்படியே விட்டு மேலே சிமெண்ட் போட்டார்களாம். யுத்தம் முடிந்து விமானங்கள் போன பிறகு அந்தத் தரை நமக்கு வாய்த்தது. மணல் ஒட்டாமல் நெத்திலி காய வேறு இடம் ஏது? ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாம் இருவரும் காக்கை விரட்டிக்கொண்டு அங்கேதான் கிடப்போம்.

உன் பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாளே செத்துப் போயிற்று. "அம்மா தலமேலயாடி மீனக் காயப் போட்டோம்?" என்று கேட்டாய். மாமனாருக்குத்தான் இடம் தெரியும். கடலில் வலை போட அடையாளம் பார்ப்பதுபோலச் சொன்னார்: "ஒல்லாந்தர் கல்லறைக் கூம்பு ஒத்தப் பனைக்குப் பின்னால மறையணும். அந்தாண்ட கலங்கரை விளக்கம் ஏரி முனைக்கு நேரா நிக்கணும்."

எழ முடியாத உனக்காக நான் போய் நின்றேன். இரண்டும் நேராக வந்த இடத்தில் நம் மீன் பாய் விரித்துக் கிடந்தது.

"இல்லக்கா, அது வடக்கால, ரொம்ப தூரம்" என்று வந்து சொன்னேன்.

"அப்போ நம்ம மேல தப்பில்ல. இன்னொன்னு குடுடின்னு கேக்குறேன்" என்றாய். வெள்ளி தவறாமல் வடக்குக் கோடியில் கற்பூரம் ஏற்றினாய். நீ போன ஒவ்வொரு வெள்ளிக்கும் நான் காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன்.

பிறகு இன்னொரு யுத்தம். தளத்தைச் சுற்றி முள்கம்பி, துப்பாக்கியோடு சிப்பாய். நீ விடவில்லை. "உன் பிளேன் எப்ப வந்தா எனக்கு இன்னாய்யா? எங்கம்மா உள்ள கீறா!" அவன் பாஷை வேறு. உன் கைக் கற்பூரத்தைப் பார்த்து வழி விட்டான். வெறும் சிமெண்டில் நீ நெற்றி வைத்ததை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ கேட்ட பிள்ளை வரவேயில்லை. நீயும் போய்விட்டாய்.

இன்று ஊரார் வந்தார்கள். "சாலைக்கு ஒதுங்குனாப்புல கல்ல எங்க வைக்கலாம், பெரிம்மா?"

வடக்குக் கோடியைக் காட்டினேன். "அங்க வைங்க. அங்கதான் அவள அத்தினி வருஷம் கூப்ட்டாங்க."

முதல் கற்பூரத்தை நானே ஏற்றினேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "அக்கா" என்றுதான் வந்தது.