அருவி என்ற சொல்லுக்கு ஆறு சீட்டு

ஜூன் 3

அன்புள்ள மின்சாரக்காரருக்கு,

நலம் என்று எழுதிவிட்டு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அகராதியின் புதிய பதிப்பில் இன்னும் 'அ'வே முடியவில்லை. பதினொரு பேர் பார்த்த வேலையை இப்போது மூன்று பேர் பார்க்கிறோம். மாலையில் மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துதான் ஏறுகிறேன்.

இப்போது 'அருவி'யில் நிற்கிறேன். பழைய பதிப்பில் அருவிக்கு ஒரு வரி இருக்கிறது. நீர்வீழ்ச்சி, தாரை, சாரல், தூவானம், திவலை என்ற ஐந்துக்கும் 'அருவி காண்க' என்று போட்டுக் கை கழுவியிருக்கிறோம். ஐந்தும் ஒன்றாகுமா? இருபது வருடமாக அருவிக்கு அடியில் மின்சாரம் எடுக்கிறவர் வீட்டில் இருக்க, நான் யாரைக் கேட்பது? சொல்லுக்கு ஒன்றாக ஆறு வெற்றுச் சீட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதி அனுப்புங்கள்.

வீட்டில் இருக்க என்று கை தவறி எழுதிவிட்டேன். நீங்கள் வந்து எட்டு மாதம். போன் செய்தால் உங்கள் ஃபோர்மேன்தான் எடுக்கிறார். "சார் கீழ மெஷின்கிட்ட இருக்காரும்மா, அப்புறமா பேசச் சொல்றேன்" என்கிறார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

இங்கே உங்கள் மின்வாரிய ஸ்டோரில் மறுபடி ஒரு இடம் காலி. மாற்றல் படிவமும் இதில் இருக்கிறது. ஜூலை பத்துக்குள் கொடுக்க வேண்டுமாம். மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

உங்கள் அகராதி


ஜூன் 12

என் அகராதி பிடித்தவளுக்கு,

சீட்டுகளை எழுதிவிட்டேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அருவி என்பது தூரத்திலிருந்து பார்த்தால் வேட்டி காயப்போட்ட மாதிரி அசையாமல் நிற்கும். கிட்டே போனால்தான் விழுகிறது தெரியும். நீர்வீழ்ச்சி என்று எங்கள் வாசல் போர்டில் மட்டும்தான் எழுதியிருக்கிறது, வாயால் ஒருவரும் சொல்வதில்லை. தாரை ஒரே கயிறாக இறங்கும், அதில் தலையைக் கொடுத்தால் கழுத்து வலிக்கும். சாரல் முகத்தில் குத்தும். தூவானம் குத்தாது, ஆனால் கால் மணி நேரத்தில் சட்டை ஈரம். திவலை மூக்குக்கண்ணாடியில் வந்து உட்காரும். துடைப்பதற்குள் இன்னொன்று உட்காரும்.

போன் பண்ண ஒழிவதே இல்லை. மாற்றலைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன். இடுப்பைப் பார்த்துக்கொள்.

உன் மின்சாரக்காரன்


ஜூன் 18

அன்புள்ளவருக்கு,

சீட்டுகளை ஆசிரியரிடம் காட்டினேன். "ஒரு அருவிக்கு இவ்வளவாம்மா? நாலு வரி போதும்" என்றார். பிறகு அவரே திவலையைப் படித்துவிட்டு, "யாரு எழுதினது?" என்று கேட்டார். பெருமையாகத்தான் இருந்தது. ஓசை மட்டும் விட்டுப்போயிருக்கிறது. சோவென்றா, ஹோவென்றா? ஒரு வரி எழுதுங்கள்.

இனி எழுதப்போவதை எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். தங்கை வந்திருந்தாள். "அக்கா, போன்ல கூட பேச மாட்டேங்கறார்னா என்ன அர்த்தம்? அங்க வேற யாரோ இருக்காங்க" என்றாள். வாயை மூடு என்றேன். அவள் மூடிவிட்டாள், என் மனசுதான் மூடவில்லை. அவள் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். பத்தாம் தேதிக்குள் படிவம் வராவிட்டால் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அவளோடு போகிறேன். சண்டை போடத் தெம்பில்லை. களைத்துவிட்டேன்.

அகராதி


ஜூன் 25

அன்புள்ள அகராதிக்கு,

நீ கேட்ட ஓசை: 'மலை உச்சியிலிருந்து பேரிரைச்சலோடு பாய்ந்து விழும் நீர்.' போதுமா?

தங்கையோடு போவது நல்லது. பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் உனக்கு. அவள் சொன்னது உண்மையில்லை, ஆனால் என்னை நம்பி நீ எதையும் தள்ளிப்போடாதே. எனக்கு இங்கேயே பழகிவிட்டது. படிவத்தை நிரப்பாமல் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மின்சாரக்காரன்


ஜூன் 30

என் மின்சாரக்காரருக்கு,

'பேரிரைச்சலோடு பாய்ந்து விழும் நீர்' என்ற வரியை எனக்குத் தெரியும். பழைய பதிப்பில் நான் எழுதியதுதான். அப்போது நான் ஒரு அருவியைக் கூடப் பார்த்ததில்லை, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கற்பனையில் எழுதினேன். அருவிக்குப் பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்து ஏன் காப்பியடிக்க வேண்டும்?

உங்கள் ஆறு சீட்டையும் மேசையில் பரப்பினேன். எங்கள் வேலை தெரியுமே, ஒவ்வொரு வரியையும் பிரித்து அடுக்குவோம். கண்ணால் கண்டது ஒரு பக்கம், உடம்பில் பட்டது ஒரு பக்கம் என்று வைத்தேன். காதால் கேட்டதற்கு ஒதுக்கிய பக்கத்தில் ஒரு துண்டு கூட விழவில்லை.

அப்புறம்தான் குளியலறைக் குழாய் நினைவுக்கு வந்தது. போன தடவை நீங்கள் இருந்த நாலு நாளும் அது சொட்டியது. அடுத்த வீட்டில் சொட்டினாலே எழுந்து போய்க் கதவைத் தட்டுகிற மனிதர், பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். என் மேல் கோபமாக்கும் என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

எத்தனை நாளாகக் கேட்கவில்லை? தங்கை சொன்னதைப் பாதி நம்பி ஒரு வாரம் அழுதேன். இப்போது இதற்காக அழுகிறேன். கோபம் கோபமாக வருகிறது. எழுதியிருக்கக் கூடாதா? எழுதக் காது எதற்கு?

இன்னொரு படிவம் வாங்கி இதில் வைத்திருக்கிறேன். குழாய் இன்னும் சொட்டுகிறது, எட்டு மாதமாக வாளி வைத்துக்கொண்டிருக்கிறேன். சொட்டினால் நான் கேட்டுச் சொல்கிறேன். நீங்கள் வந்து சரி செய்யுங்கள்.

அகராதி


ஜூலை 6

என் அகராதிக்கு,

இடது காது போய் மூன்று வருடம். வலது போன வருடம் கிளம்பிவிட்டது. அருவியால் இல்லை, மெஷினால்.

இங்கே மெஷின் கூடத்தில் எல்லோருமே கையால்தான் பேசிக்கொள்வோம். அதனால் நான் செவிடன் என்பது இங்கே ஒரு குறையே இல்லை. அங்கே வந்தால்தான் நான் செவிடன். நீ சமையலறையில் இருந்துகொண்டே பேசுகிறவள். வார்த்தைக்கு வார்த்தை 'என்ன, என்ன' என்று கேட்டால் எத்தனை நாள் பொறுப்பாய் என்று பயந்தேன். வேறு யாரும் இல்லை, இந்தப் பயம்தான் இருந்தது.

உன் பழைய வரியை அடித்துவிடாதே. நான் வேலைக்கு வந்த நாளில் அது சரியாகத்தான் இருந்தது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இன்று காலை கொடுத்துவிட்டேன்.

அந்தக் குழாய் அரை அங்குலமா, முக்கால் அங்குலமா? அளந்து எழுது. இங்கே கடையில் இரண்டுக்கும் வாஷர் இருக்கிறது.

உன் மின்சாரக்காரன்