இடது தோளில் ஒரு பூ

கடையிலிருந்து,
செவ்வாய், மதியம்

என் செல்லத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு ஒரு பக்கத்தை நிரப்பும் பொறுமை இன்று எனக்கு இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நாங்கள் எல்லோரும் சுகம். மீதியைப் படி.

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. மூன்று வருடம் கழித்து எழுதுகிறவள் நாலே வரி எழுதியிருக்கிறாய். நீ தைக்கும் உடுப்பெல்லாம் கதாநாயகி போட்டதும் இடது தோளில் இழுக்கிறது, தப்பு எங்கே என்று தெரியவில்லை, இந்த வெள்ளிக்கிழமை அவள் போட்டுப் பார்க்கும் ட்ரையலிலும் இழுத்தால் படத்தின் மூன்றாம் பாகத்துக்கு நீ வேண்டாம் என்று டிசைனர் அம்மா சொல்லிவிட்டார். இவ்வளவையும் தாங்கிக்கொண்டேன். கடைசி வரிதான் என்னை உட்காரவிடவில்லை. "அக்கா, நீ அன்னைக்குச் சொன்னது சரிதான், என் கைதான் சரியில்ல, இதோட ஊசியத் தொட மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து நான் தைப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் வலது கையாகவே வெட்டி வைத்தேன்.

போன் செய்திருக்கலாமே என்பாய். செய்தேனே! நீ "அக்கா?" என்றதும், கரண்ட் போய்விட்டது என்று உளறிப் போனை வைத்துவிட்டேன். கரண்டுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று உன் அத்தான் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

தியேட்டரில் ஓடும் அந்த இரண்டாம் பாகத்தை மூன்று நாளில் மூன்று தரம் பார்த்துவிட்டேன். முதல் தரம் அத்தானோடு. கதை எப்படி என்று மட்டும் கேட்காதே. முதல் பாகத்தில் கிழிந்த கோட்டோடு அலைந்தவள் இதில் பெரிய பணக்காரி. அழுவதற்கு ஓர் உடுப்பு, அழுது முடித்துக் கண்ணைத் துடைப்பதற்கு இன்னொன்று. மொத்தம் இருபத்தேழு, எண்ணினேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கண் பட்டுவிடப் போகிறது என்று பயந்துகொண்டே பார்த்தேன். படிக்கட்டில் அவள் இறங்கி வரும் அந்தக் கருஞ்சிவப்பு வெல்வெட்! அவள் கீழே வந்து சேர்ந்த பிறகும் உடுப்பு நாலு படி பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது. தியேட்டரே விசிலடித்தது. "இது என் தங்கச்சி தைச்சது" என்று நான் கத்தியதில் முன் வரிசை அம்மா திரும்பி, "அப்படின்னா கொஞ்சம் உக்காந்து பாருங்களேன், எங்களுக்கு மறைக்குது" என்றார். அந்த நீலக் கோட்டுக்கு உள்ளே வெள்ளி நிறத்தில் உள்துணி கொடுத்திருக்கிறாயே, அவள் சட்டென்று திரும்பும்போது மட்டும் தெரிகிற மாதிரி, அது உன் யோசனைதான். எனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடப் பையின் உள்பக்கத்துக்கே பூப்போட்ட துணி கேட்டு அடம்பிடித்தவள்.

இரண்டாம் தரம் தனியாகப் போனேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. வெல்வெட்டில் இடது தோளில் ஒரு பெரிய துணிப் பூ. மஞ்சள் பட்டில் கூந்தல் முழுக்க இடது தோளில். நீலக் கோட்டில் இடது பக்கம் சால்வை. வெள்ளை உடுப்புப் பாட்டில் கதாநாயகன் அவள் இடது தோளைவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. என்ன பாசம் என்று பக்கத்துச் சீட்டுக்காரி உருகினாள். எனக்கல்லவா தெரியும், அவன் எதை மறைத்துக்கொண்டு நிற்கிறான் என்று.

இதற்கு நடுவில், காலையிலிருந்து மூன்று பெண்கள் வந்து இடது தோளில் பூ வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். வலது பக்கம் வைக்கட்டுமா என்று ஒருத்தியிடம் கேட்டேன். "ஐயோ, இடது பக்கம்தான் இப்ப ஃபேஷன், நீங்க படமே பாக்கலையா" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

நேற்று மூன்றாம் தரம். சண்டைக் காட்சியில் அவள் கோபத்தில் அந்தப் பூவைப் பிய்த்து எறிகிறாள். இரண்டு விநாடிதான். கழுத்திலிருந்து தோள் முனைக்கு ஓடும் அந்த இழுப்பைப் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இஸ்திரிப்பெட்டி சூடாகிறது என்று இந்தக் கடிதத்தை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன். பொய். இஸ்திரிப்பெட்டியைப் போடவே இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லப் பயம், அவ்வளவுதான். சொல்லிவிடுகிறேன்.

நீ சுருட்டி எடுத்துக்கொண்டு போனாயே, அந்தப் பழுப்புக் காகிதப் பேட்டர்ன், எந்த உடுப்பு வெட்டினாலும் அதை வைத்துத்தானே தொடங்குகிறாய்? அதை யார்மேல் அளவெடுத்து வரைந்தாய்? கடையில் பொம்மை கிடையாது என்று என்னைத்தான் ஸ்டூலில் நிற்கவைத்து, உள்சட்டையோடு, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு அளவெடுத்தாய். என் இடது தோள் அரை அங்குலம் தாழ்ந்தது. பிறவியிலேயே அப்படி. பள்ளிக்கூடத்தில் என்னைச் 'சாய்ஞ்ச தராசு' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் உன் காதுக்கு வரக்கூடாது என்று நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து என் சட்டைகளில் இடது தோளுக்குள் ஒரு பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்துக்கொள்கிறேன். உன் அத்தானுக்கே கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். உன் காகிதத்தில் இருப்பது என் தோள். அதைக் கொண்டுபோய் நேரான தோளில் மாட்டினால் இழுக்காமல் என்ன செய்யும்?

இது எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று எழுதிவிடலாம். நீயும் நம்பிவிடுவாய். அப்போதே தெரியும், தங்கச்சி. நீ வெட்டியதையெல்லாம் உனக்குத் தெரியாமல் பிரித்து, இடது தோளை அரை அங்குலம் ஏற்றித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த பேங்க் அம்மாவின் உடுப்பு மட்டும் என் கைக்கு வராமல் போய்விட்டது. தோள் இழுக்கிறது என்று அவர் நாலு பேர் முன்னால் கத்தியபோது, "என் தோளை வச்சு வெட்டினதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இவ கை சரியில்ல, எத்தனை சொன்னாலும் ஏறாது" என்று உன்மேல் தூக்கிப் போட்டேன். நீ விரலுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பேட்டர்னைச் சுருட்டிக்கொண்டு போனாய். விரலுறை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தூசி தட்டுவேன், இடம் மாற்றுவதில்லை.

உன் கையில் ஒரு குறையும் இல்லை. என் தோளை இம்மி பிசகாமல் அளந்த கை அது. அந்தப் பேட்டர்னைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்தக் கதாநாயகியையே நிற்கவைத்துப் புதிதாக அளவெடு. டிசைனர் அம்மா காரணம் கேட்டால் அக்கா தோள் கோணல் என்று சொல்லிக்கொள். யாரிடம் வேண்டுமானாலும் சொல். இனி எனக்கு வெட்கமில்லை, அல்லது இருந்தாலும் உன் பிழைப்பைவிட அது பெரிதில்லை.

நீ கோபப்படு. என்னைத் திட்டி எழுது. ஊசியைத் தொட மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே. அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பஞ்சுப் பட்டை வைத்திருக்கிறேன். இப்போது போட்டிருக்கும் சட்டையிலிருந்து பிரித்தது. அதன் கனத்தை உன் நாடாவால் அளந்து பார், சரியாக அரை அங்குலம். உன் தப்பு என்று நீ மூன்று வருடமாகச் சுமந்தது இவ்வளவுதான். எதிர்க்கடை போட்டோகிராபர் இப்போது உள்ளே வந்து, "என்னக்கா, ஒரு பக்கமா நிக்கிறீங்க" என்றார். நான் இப்படித்தான் என்றேன். கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். வியாழக்கிழமைக்குள் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்கிறார்.

வெள்ளிக்கிழமை அந்தத் தோளில் பூ வேண்டியிருக்காது. நீ நன்றாக இருப்பாய். வேலை முடிந்து லீவு கிடைத்தால் நாடாவை எடுத்துக்கொண்டு ஒருமுறை வந்துவிட்டுப் போ. எனக்குச் சட்டை தைக்க வேண்டும், பட்டை வைக்காமல், என் அளவுக்கே. அதை உன்னைத் தவிர யாராலும் தைக்க முடியாது.

உன் வரவை எதிர்பார்த்து,
சாய்ஞ்ச தராசு அக்கா