எழுந்து போனால் கோபமில்லை

காரகோல்
செப்டம்பர் 10

என் செல்லம் சிர்காவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எழுதி அனுப்புங்கள் அம்மா என்றாய். சரி, போனிலேயே தட்டி எழுதுகிறேன். எழுத்தில் என்னைப் பாதியில் துண்டிக்க முடியாது, அந்த வசதி எனக்கும் பிடித்திருக்கிறது.

ஒரு செய்தி. எதிர்வீட்டு இல்கிஸும் அவன் கூட்டாளிகளும் பழைய தையல் ஆலையில் ஒரு கூடுகை நடத்தப் போகிறார்கள். மாநாடு என்று சொன்னால் அடிக்க வருகிறான். மேடை கிடையாதாம், தலைமை கிடையாதாம், யார் எதைப் பற்றிப் பேசுவது என்பதே அன்று காலையில்தான் முடிவாகுமாம். "அப்ப யாருக்குடா வெள்ளைத் தொப்பி மாட்டி மரியாதை பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "யாருக்கும் இல்ல அக்கா. எல்லாரும் ஒண்ணுதான்" என்கிறான். பைத்தியக்காரப் பிள்ளை.

எனக்கு அதில் அடுப்பு வேலை. போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துத் தர வேண்டும். பள்ளிக் கேன்டீனை விட்ட பிறகு பெரிய வாணலியைத் தொட்டதே இல்லை. நேற்று எடுத்துத் தேய்த்தேன், கை குறுகுறுவென்கிறது.

உன் படிப்பு இந்த வருஷத்தோடு முடிகிறதே. எப்போது வருகிறாய்? புது வருஷத்துக்கா, வசந்தத்தில் நவ்ரூஸ் பண்டிகைக்கா? இங்கே ஜெர்மன் வாத்தியார் வேலை காலியாகத்தான் இருக்கிறது, தலைமையாசிரியையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தேதியைச் சொல்.

உன் அம்மா
அனார்கான்

*

லைப்சிக்
செப்டம்பர் 14

அம்மா,

நலம். குளிர் தொடங்கிவிட்டது. புது வருஷத்துக்கு வர முடியாது, நவ்ரூஸ் பற்றி இப்போது சொல்ல முடியாது. தலைமையாசிரியையிடம் எதுவும் சொல்லி வைக்க வேண்டாம், தயவுசெய்து.

போர்சோக்கை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. எண்ணெய் கையில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிர்கா

*

காரகோல்
செப்டம்பர் 21

சிர்கா, கண்ணே!

உட்கார்ந்து படி. உன் அம்மா ஒரு அமர்வு நடத்தினாள்! நான்தான், அடுப்படிக்குப் போன நானேதான்!

காலையில் மாவு உப்பட்டும் என்று வெளியே வந்தேன். சுவரில் பெரிதாகக் கட்டம் போட்டு ஆளாளுக்குத் துண்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நம் தெருவில் குழாய் ஒழுகினால் முனைப் பலகையில் எழுதி ஒட்டுவோமே, அந்த மாதிரி குறைச்சீட்டு என்று நினைத்தேன். என் குறையை நானும் எழுதி ஒட்டினேன். 'வெளிநாடு போன பிள்ளைகளைத் திரும்ப வரவைப்பது எப்படி?' ஒட்டியதும் மனசு லேசானது. போய் மாவைப் பிசைந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இல்கிஸ் மூச்சிரைக்க ஓடி வருகிறான். "அக்கா, உங்க அறை நிரம்பி வழியுது, வாங்க!"

"எந்த அறைடா?"

"நீங்க ஒட்டின சீட்டுதானே? ஒட்டினவங்கதான் நடத்தணும்."

"எனக்குப் பதில் தெரியாதுடா, அதனாலதானே கேட்டேன்!"

"பதில் தெரிய வேண்டாம் அக்கா, கேள்வி இருந்தா போதும்."

ஏப்ரனோடு போனேன். கையெல்லாம் மாவு. ஒரு பக்கம் என் வயதுப் பெண்கள், மறுபக்கம் வெளிநாடு போகத் துடிக்கிற பிள்ளைகள். திரும்பி அடுப்புக்கே ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பிறகு நினைத்துக்கொண்டேன், இதில் பாதிப் பேர் என் கேன்டீனில் தட்டை ஏந்தி நின்றவர்கள், இவர்களுக்குப் பயப்படுவதா? "சத்தம் போடாதீங்க!" என்று ஒரு அதட்டல் போட்டேன். கப்சிப் என்று ஆகிவிட்டது.

ஆனால் ஒரு சங்கடம். இந்தக் கூடுகையில் ஒரு விதி உண்டு. பேச்சு பிடிக்கவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எழுதி வைத்தால் ஆயிற்றா? நம் ஊரில் பெரியவர் பேசும்போது எவன் எழுந்திருப்பான்? எனக்கு முன்னால் அதே அறையில் ஒரு ஓய்வுபெற்ற நிலவியல்காரர் பாறைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஒரு ஆள் அசையவில்லையாம், ஒருவன் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டானாம். என் அறையிலும் ஒரு பையன் கதவையே பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தான், கண்ணில் பசி மாதிரி ஒரு தவிப்பு.

எனக்குச் சட்டென்று தோன்றியது. தேநீருக்கு இருக்க முடியாமல் கிளம்புகிற ஆளை நாம் என்ன செய்வோம்? ரொட்டியில் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு போ என்போம். அதன் பிறகு போவது அவமரியாதை இல்லையே! ஒரு ரொட்டியை எடுத்துக் கதவருகே முக்காலியில் வைத்தேன். "கிளம்பணும்னு இருக்கிறவங்க ஒரு துண்டு பிச்சு வாயில போட்டுட்டுக் கிளம்புங்க, எனக்கு வருத்தமில்ல" என்றேன்.

சிர்கா, பாதி அறை எழுந்து போய்விட்டது! வருத்தமில்லை என்று சொன்ன வாய் உலர்ந்துவிட்டது. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் மிச்சம் இருந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். இருக்க விரும்பி இருக்கிறவர்கள் என்று தெரிந்த பிறகு பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது. போனவர்களில் சிலர் வேறு ஆட்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மதியத்துக்குள் எல்லா அறை வாசலிலும் ரொட்டி. கடைசியில் நிலவியல்காரரே ஒருவருடைய பேச்சிலிருந்து ரொட்டி மென்றுகொண்டு வெளியே வந்தார், சின்னப் பையன் மாதிரி சிரிப்பு.

இனிதான் முக்கியமான விஷயம். நாங்கள் அம்மாக்கள் எல்லாரும் மாறி மாறிப் புலம்பினோம். வீடு கட்டி வைத்தேன், பெண் பார்த்து வைத்தேன், வர மாட்டேன் என்கிறான் என்று. அப்போது பெரிசாத் என்று ஒரு பெண், அடுத்த மாதம் கொரியா போகிறவள், எழுந்தாள். ரொட்டியைத்தான் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நின்றபடியே கேட்டாள்: "அக்கா, எங்க அண்ணன் போய் அஞ்சு வருஷம் ஆச்சு. அம்மா போன் பண்ணினா முதல் வார்த்தையே 'எப்ப வர்ற'தான். 'எப்படி இருக்க, என்ன பண்ற'ன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. உங்க மக அங்க என்ன சாப்பிடுறா, யார்கூடச் சாப்பிடுறா, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் "தெரியாது" என்று சொன்னேன். இன்னும் நிறையப் பேர் "எனக்கும் தெரியாது" என்றார்கள். அது வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. முடிந்ததும் எல்லாரும் கையை ஏந்தி, முகத்தில் தடவி, 'ஓமின்' என்று வேண்டிக்கொண்டோம். வெளியே வந்து கொஞ்சம் அழுதேன். பிறகு போர்சோக் கருகுகிற வாசனை வந்தது, ஓடினேன்.

எப்படி இருக்கிறாய் சிர்கா? என்ன சாப்பிடுகிறாய்? யாரோடு? எப்போது வருகிறாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை, கவனித்தாயா? நாக்கு நமநமக்கிறது, ஆனாலும் கேட்கவில்லை.

அம்மா

*

லைப்சிக்
செப்டம்பர் 29

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் பணிமனை கேன்டீனில் படித்தேன். உருளைக்கிழங்கு சூப் ஆறிப்போயிற்று. எதிரே என்னோடு வேலை செய்கிற ரொனால்ட் உட்கார்ந்திருந்தார், "ஊரில் ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். "இல்லை, எங்க அம்மா கூட்டம் நடத்தினாங்க" என்றேன். அழுதுகொண்டே சிரித்திருக்கிறேன் போல. அவர் எனக்குத் தன் ரொட்டியைக் கொடுத்தார், பாவம்.

எந்தப் பணிமனை என்று கேட்பீர்கள். டிராம் பணிமனை. அம்மா, நான் பல்கலைக்கழகத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இலக்கிய வகுப்பில் உட்கார்ந்து நான் பேசியதே இல்லை, எனக்கு மூச்சு முட்டியது. பகுதிநேர வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் ஓட்டுநர் பயிற்சி தந்தார்கள். இப்போது நான் டிராம் ஓட்டுகிறேன். விடியற்காலை முதல் வண்டி எனக்கு. ஊர் தூங்கிக்கொண்டிருக்கும், மணியடித்துக்கொண்டு நான் வருவேன். இந்தப் பருவத்தில் ஈர இலைகள் தண்டவாளத்தில் விழும், சக்கரம் வழுக்கும், மணலைத் தூவிப் பிரேக் பிடிக்க வேண்டும். எனக்கு அதுகூடப் பிடித்திருக்கிறது. மாலையில் ரொனால்ட், இன்னொரு ஓட்டுநர் பிர்கிட், நான் மூவரும் சேர்ந்து சாப்பிடுவோம். பிர்கிட் என் பெயரைச் சரியாகச் சொல்ல ஒரு வருஷம் பழகினாள்.

உங்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நீங்கள் தேதி கேட்பீர்கள், நான் பொய் சொல்வேன், பிறகு சண்டை போடுவேன். பொய்யை மறைக்கத்தான் அத்தனை கோபமும்.

அம்மா, நான் அங்கே வாழத் திரும்பி வர மாட்டேன். இதுதான் என் இடம். எழுதிவிட்டேன்.

உங்கள்
சிர்கா

*

காரகோல்
அக்டோபர் 29

என் டிராம்காரிக்கு,

உடனே பதில் எழுதவில்லை. முதல் நாள் கோபம். இரண்டு வருஷமா ஏமாத்தினா என்று பாத்திரங்களை நொங்கு நொங்கென்று தேய்த்தேன். அடுத்த நாள் அழுகை. வர மாட்டேன் என்ற வரியைப் படிப்பேன், போனை மூடி வைப்பேன், மறுபடி திறந்து படிப்பேன். இப்போதும் வலிக்கிறது, வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் சந்தையில் இல்கிஸின் அம்மா சூராவிடம் சொல்லும்போது என்னை அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "என் மக டிராம் ஓட்டுறா!" அவள் உதட்டைப் பிதுக்கினாள். "இதுக்கா ஜெர்மனி போனா?" விடுவேனா? "உன் மகன் அப்பாவோட காரைப் பின்னால எடுக்கத் தெரியாம என் வேலியை இடிச்சவன்தானே? என் மக ஒரு தெரு நீளத்துக்கு இருக்கிற வண்டியை வளைச்சு வளைச்சு ஓட்டுறா!" ஆப்பிள் விற்கிறவன்கூடக் கைதட்டினான். ஆனால் சக்கரம் வழுக்கும் என்று எழுதிவிட்டாயே, இனி எனக்கு விடியற்காலையில் எப்படித் தூக்கம் வரும்? மணலைத் தாராளமாகப் போடு, சிக்கனம் பிடிக்காதே.

இன்னொரு விஷயம். வசந்தத்தில் அடுத்த கூடுகை. என்னையும் ஏற்பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள், அடுப்புக்கு அல்ல! கூடிப் பேச இடம் இல்லாமல் தவித்தார்கள். உன் அறையைத் திறந்துவிட்டேன். நீ போன நாளிலிருந்து போர்வைகூட மாற்றாமல் அப்படியே வைத்திருந்தேன், உனக்குத் தெரியாது. கட்டிலை இல்கிஸ் கழற்றிச் சுவரில் சாய்த்தான். அந்த நேரம் நான் சமையலறையில் நின்றுகொண்டேன். இப்போது ஞாயிறுதோறும் அங்கே பத்துப் பிள்ளைகள், ஒரே கூச்சல், சுவர் முழுக்கச் சீட்டு. பெரிசாத் கொரியாவிலிருந்து போனில் சேர்ந்துகொள்கிறாள், அங்கே என்ன சாப்பிட்டாள் என்று முதலில் கேட்கிறேன்.

ஆகவே உனக்கு இங்கே அறை இல்லை, சிர்கா. வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விருந்தாளியாக வா. கதவுக்கு எதிரே மரியாதை இடத்தில் உட்காரவைப்பேன், நல்ல கறித்துண்டை உன் தட்டில் வைப்பேன். விருந்தாளியிடம் எப்போது கிளம்புகிறாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

உன் அம்மா
அனார்கான்