மோர் சேராத கஞ்சி

1943, ஆனி 18
என் வீட்டுக்காரருக்குப் புதுக் கிறுக்கு பிடித்திருக்கிறது. பழையதே இன்னும் தெளியவில்லை. மதுரையில் எவரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, கன்றுக்குச் சேர வேண்டிய பாலைக் கறப்பது களவு என்று வீட்டில் பால், மோர், நெய் எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டு வருஷம். கவிச்சி அதற்கு முன்பே போயிற்று. இப்போது அதே சாப்பாட்டைச் சுருளிப்பட்டி முழுக்கப் போடப் போகிறாராம், இலவசமாக. யுத்தத்தால் பர்மா அரிசி வருவதில்லை, ஊரில் பாதி அடுப்பு எரியவில்லை, அது நிஜம். அதற்குக் கம்மங்கஞ்சியும் மொச்சையும் முருங்கைக்கீரையுமாம். காய்ச்சுவது யார்? தர்மப்பிரபுவா? நான்தான்.

ஆனி 21
முதல் நாள். நாலு பானை காய்ச்சினேன். வந்தது எங்கள் பண்ணையாள் சின்னக்கருப்பும் இரண்டு நாய்களும். "மோர் இல்லையா ஆத்தா? ஒரு துண்டு கருவாடாச்சும்?" என்றான் சின்னக்கருப்பு. வீட்டுக்காரர் அவனுக்குக் கன்றுக்குட்டியின் கஷ்டத்தை விளக்கினார். பாதியிலேயே எழுந்து போய்விட்டான்.

ஆனி 24
கஞ்சியைக் குடித்தவர்களிடம் பிறகு நிலத்தை எழுதி வாங்குவார் என்று மந்தையில் பேச்சு. இவரா! சொந்த மாட்டிடம் பால் வாங்கத் துப்பில்லாத மனிதர்.
பக்கத்து வீட்டு மலையம்மாள் கிணற்றடியில் நேரே கேட்டுவிட்டாள்: "ஓசிக்கஞ்சிக்குச் சட்டி ஏந்த நாங்க என்ன பரதேசிகளா?" முந்தாநாள் அவள் வீட்டில் வேக வைத்தது புளியங்கொட்டை. எனக்குத் தெரியாதா? ரோஷத்தை வேக வைத்துத் தின்னட்டும்.

ஆனி 29
சுப்புத்தாயின் கடைசிப் பெண் இருளாயியைப் பார்த்தேன். கால் இரண்டும் குச்சி, வயிறு மட்டும் பானை. சுவரைப் பெயர்த்து மண் தின்கிறது.
சுப்புத்தாய் என் கொழுந்தன் பெண்டாட்டி. அவன் செத்து மூன்று வருஷம். அவளும் நானும் பேசி ஏழு வருஷம். அவள் மூத்த பையன் காதுகுத்தில் நான் குங்குமத் தட்டை எடுத்தபோது, "மலடி கை படாம வாங்குங்க" என்று என் காதில் விழவே சொன்னவள்.
சின்னக்கருப்பிடம் கஞ்சி கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தது. "அவுக தர்மம் அவுகளுக்கே இருக்கட்டும்" என்றாளாம். பெரிய ஜமீன் வீட்டம்மா! அந்தப் பிள்ளை செத்தால் ரோஷமா வந்து பாடை தூக்கும்? — அவ பிள்ளைதானே, எனக்கென்ன?

ஆடி 3
நாளை ஆடிச் செவ்வாய். மாரியம்மன் கோயிலில் யாராவது கூழ் ஊற்றினால் பண்ணை வீட்டுப் பெண்டுகளும் சட்டியோடு வரிசையில் நிற்பார்கள். அங்கே ஒருத்தியும் பரதேசி இல்லை. நேர்த்திக்கடன் கஞ்சியை வேண்டாம் என்றால் அம்மன் கோபிப்பாளாம். அவள் பேரைச் சொல்லாமல் கொடுத்தால் பிச்சை, சொன்னால் பிரசாதம். எங்கள் ஊர் மூளை இவ்வளவுதான்.
நம் கஞ்சியும் நேர்த்திக்கடன்தான் என்று வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டாராம். சரி, அதுவும் என் தலையில்.
என்ன வேண்டுதல் என்று கேட்பார்களே? பிள்ளையில்லாதவள் வேறு என்ன வேண்டுவாள்? பதினெட்டு வருஷமாக அந்தப் பேச்சை எடுத்த வாயையெல்லாம் அடைத்து வைத்தவள் நான். இப்போது நானே திறந்துவிட வேண்டும்.

ஆடி 4, செவ்வாய்
கோயில் வாசலில், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "பிள்ளை வரத்துக்கு நேந்திருக்கேன். நாப்பத்தெட்டு நாளு கஞ்சி. மோர் சேக்காம, கவிச்சி படாம."
நாலு பானையும் காலி. மலையம்மாள் இரண்டு சட்டியோடு வந்தாள். என் வயிற்றைத் தடவி, "இந்த வருசமே தரிக்கும் தாயி" என்கிறாள். ச்சீ! முப்பத்தொன்பது வயசில் என் வயிறு ஊர்ச் சொத்தாகிவிட்டது. மோர் எங்கே என்று ஒரு வாய் கேட்கவில்லை. விரதமாம்! இரண்டு வருஷமாக இவர் தொண்டை கிழியக் கத்தியது வீண்.

ஆடி 6
சுப்புத்தாய் மூன்று பிள்ளைகளோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சட்டியை நீட்டினாள். "அன்னைக்குச் சொன்னத மனசுல வச்சுக்கிராதீக அக்கா. ஒங்களுக்காக நானும் வேண்டிக்கிறேன்."
அவள் வேண்டுதல் யாருக்கு வேண்டும்? வாயை மூடட்டும் என்று அடியிலிருந்து மொச்சையை வழித்து இரண்டு கரண்டி கூடவே ஊற்றினேன். இருளாயி நின்ற இடத்திலேயே குடித்தது.
வீட்டுக்கு வந்து அழுதேன். ஏன்னு தெரியல.

ஆடி 22
கஞ்சி. வேறென்ன.

ஆவணி 20
நாற்பத்தெட்டாவது நாள். அரிசி இன்னும் வந்தபாடில்லை. "நாளையிலிருந்து வருவார்களா?" என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்கிறார். கன்றுக்குட்டியைக் கேளுங்கள் என்றேன்.

ஆவணி 21
காலையில் பானை ஏற்றிக்கொண்டிருந்தேன். மலையம்மாளும் சுப்புத்தாயும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். நேர்த்தி முடித்தவளுக்கு விபூதி பூசவாம். ஒருத்தி கையிலும் சட்டி இல்லை. சுப்புத்தாய் இடுப்பிலிருந்து இருளாயி அடுப்பையே பார்த்தது.
"நேத்தோட முடிஞ்சிருச்சுல்ல அக்கா?" என்றாள் சுப்புத்தாய்.
"எங்கன முடிஞ்சுச்சு? இன்னும் பலிக்கலையே" என்றேன். "பலிக்காம எப்படி நிறுத்துறது? போங்கடி, போயிச் சட்டியை எடுத்துட்டு வாங்க."