பிடரி இல்லாத சிங்கம்

ஜூலை 28

இன்றும் இவர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். வலது கண் கல்குவாரியில் சில்லு பட்டு எப்போதோ போயிற்று. இருக்கிற இடது கண்ணிலும் இப்போது புரை. எடுத்துவிட்டால் தெளிவாகத் தெரியும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னாள்.

"இருக்கறது ஒண்ணு. அதுலயும் கத்தி வெச்சு, கை தவறிப்போச்சுன்னா? உன் கண்ணைக் கழட்டிக் குடுப்பியா?"

குடுப்பேன் என்றேன். சும்மா சொல்லவில்லை. "போடி, இப்போ எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். இந்த மனுஷனோடு மல்லுக்கட்டியே எனக்கு வயதாகிவிட்டது.

ஆகஸ்ட் 2

மகள் வரோனா முதல் சம்பளத்தில் எங்களை க்வாய் காட்டுக்குக் கூட்டிப்போகிறாளாம். ஆற்றங்கரையில் கூடாரம், சிங்கம், யானை எல்லாம். வண்டி ஓட்ட என் தம்பி மொகொமோட்சி. மாமன் இல்லாமல் அவளுக்கு எந்தக் காரியம் ஆகியிருக்கிறது?

இவர் உடனே ஆரம்பித்தார். "அதெல்லாம் வெள்ளைக்காரங்க போற எடம். என் மாட்டைத் தின்ன சிங்கத்தைக் காசு குடுத்து வேற பாக்கணுமா?"

அவள் முகம் சின்னதாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "பட்டியில அது கால்தடத்தைத்தான் பாத்திருக்கேன். ஆளைப் பாத்ததில்ல. ஒரு தடவை கண்ணால பாத்துடணும்."

பெண் வயிற்றில் பாலை வார்த்தார். கண் இருக்கும்போதே பார்த்துவிடட்டும், ஆண்டவரே.

ஆகஸ்ட் 10

எங்கள் ஊர் மொச்சுடியிலிருந்து மவுன் வரை நாள் முழுக்க ரோடு. மாட்டுக்குக் கோமாரி பரவாமல் போட்ட தடுப்பு வேலியில் எல்லோரும் இறங்கிச் செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைத்தோம். தம்பியின் பாட்டைத் தவிர மற்ற எல்லாம் சுகம்.

ஆகஸ்ட் 11

க்வாய். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, இதைப் பார்க்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது! அக்கரையில் யானைக் கூட்டம் தண்ணீர் குடித்தது. குட்டி ஒன்று சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டது. வாய் ஓயாமல் "அங்க பாருங்க, இங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இரவு கூடாரத்தில் குளிர் பிடுங்கியது. என் காலைத் தன் காலோடு சேர்த்து வைத்துக்கொண்டார். நன்றி, ஆண்டவரே.

ஆகஸ்ட் 12

இன்றைக்குச் சிரித்த சிரிப்பு!

இவர் குலத்துக்குக் குரங்குதான் எல்லாம். அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. ஊரில் மரியாதையாக விசாரிப்பதே "குரங்கே, சௌக்கியமா?" என்றுதான். காலையில் நான் மாவை உருட்டி மக்வின்யா சுட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். மரத்திலிருந்து ஒருவன் இறங்கினான். நேரே இவர் பக்கம் வந்தான். எண்ணெய் சொட்டும் மக்வின்யாவை அவர் தட்டிலிருந்தே எடுத்து, எதிரிலேயே உட்கார்ந்து தின்றான். இவர் அசையவே இல்லை. பிறகு தட்டில் கையை விட்டுத் துழாவினார்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "சொந்தக்காரன் பந்திக்கு வந்துட்டான்! மச்சான் எப்படி விரட்டுவாரு?"

இவர் சிரிப்புச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்புறம், "சாப்பிட்டுப் போகட்டும்டா, அவனும் நம்ம ஆளுதானே" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னொரு மக்வின்யா வைத்தேன்.

ஆகஸ்ட் 13

எப்படி எழுதுவது?

வழிகாட்டிப் பையன் திரோ விடியும்போதே கிளப்பிவிட்டான். கரையான் புற்று ஒன்றின் அருகே வண்டியை நிறுத்தி, வாயில் விரல் வைத்தான். புற்றின் நிழலில் பெண் சிங்கம். மடியில் மூன்று குட்டிகள்.

இவர் சொன்னார்: "அம்மாடி! என்ன பிடரி!"

வரோனா களுக்கென்று சிரித்தாள். "அப்பா, அது பொம்பளைச் சிங்கம்! பிடரி எங்க இருக்கு?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் முகம் வேறு பக்கம், வெறும் புல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குரங்கு. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததல்ல — அது வந்ததே அவருக்குத் தெரியவில்லை! குலம், மரியாதை என்று நாங்கள் பாட்டுக்குச் சிரித்தோம். அவரும் அதையே பிடித்துக்கொண்டார். நேற்று முன்தினம் யானைக்குத் தலையாட்டியதும் அப்படித்தானா?

வரோனாவின் தொடையில் ஒரு கிள்ளு வைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். பழுப்பு நிறம், நம்ம பெரிய பசு மாதிரி. மூணு குட்டி. ஒண்ணு பால் குடிக்குது. ஒண்ணு தூங்குது. ஒண்ணு அம்மா காதைக் கடிச்சு இழுக்குது, அவ கண்ணைக்கூடத் தெறக்கல.

"அப்புறம்?" என்றார்.

குரல் உடையாமல் சொல்லி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதே நாள், மத்தியானம்

கூடாரத்துக்குள் வந்ததும் கத்திவிட்டேன். எத்தனை மாசமா இப்படி? என்கிட்டயே நடிப்பா? பாம்பு வந்திருந்தா? அந்தக் குரங்கு கடிச்சு வெச்சிருந்தா? நான் யாரு உங்களுக்கு, வழியில போறவளா?

அவர் படுக்கையில் உட்கார்ந்து போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "சொல்லியிருந்தா நீ வர விட்டிருப்பியா? கொழந்தை மொத சம்பளம்… பக்கத்துல போனா தெரியும்னு நெனச்சேன். ஒரு மஞ்சப் புகை மாதிரிதான் இருந்துச்சு. அதுவும் அங்கதானான்னு தெரியல."

"இப்பவே ஒண்ணும் தெரியல. இதுக்கு மேல எதைக் காப்பாத்த அந்தக் கண்ணைப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கீங்க?"

நான் அழுது ஓய்ந்தேன். வெளியே வரோனா விஷயம் தெரிந்து மாமன் தோளில் சாய்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் இவர் சொன்னார்: "குட்டி காதைக் கடிச்சுதுன்னியே. அதை நான் பாத்திருக்கணும்டி." மூக்கைச் சிந்தினார். "ஊருக்குப் போனதும் அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லு. வெட்டட்டும்."

ஆகஸ்ட் 14

அந்தப் பெண் சிங்கத்துக்கு நன்றி. நாங்கள் இத்தனை பேர் சொல்லியும் கேட்காத மனுஷன்.

ஆகஸ்ட் 29

ஆபரேஷன் முடிந்தது. கை தவறவில்லையாம். உள்ளே போகும்போது என் கையை விடவே இல்லை. நர்ஸ்தான் விரல் விரலாகப் பிரித்தாள். வெளியே பெஞ்சில் தம்பி டீ வாங்கிக் கொடுத்தான், குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. நான் சொன்னதால்தானே ஒப்புக்கொண்டார்? ஏதாவது ஆகியிருந்தால் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வேன்?

ஆகஸ்ட் 30

கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் கூசுகிறது என்றார். கண் தெரிகிறதா என்று எனக்குக் கேட்கப் பயம்.

செப்டம்பர் 2

காலையில் முற்றத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"வரோனாம்மா, உன் எடது காதுத் தோடு எங்க?"

கை வைத்துப் பார்த்தேன். காது மொட்டையாக இருந்தது. முறத்தைக் கீழே போட்டுவிட்டேன், சோளமெல்லாம் மண்ணில்.

கல்யாணத்துக்கு என் அம்மா போட்ட தோடு. இருவருமாக முற்றம் முழுக்கத் தேடினோம். அவர் குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. போனால் போகட்டும். ஒரு பொருளைத் தொலைத்துவிட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.