டிரைவர் மாமா வராத எபிசோட்

மார்ச் 2

அன்பு மிளகுக்கு,

நலம்தானே? வீட்டுக்காரர் சுகமா?

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை உன் வீட்டுக்காரர் எடுத்து, "அவ வேலையா இருக்கா, சொல்றேன்" என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அப்படி என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. வயதானவர்கள் அதையெல்லாம் கேட்கக் கூடாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் 'பட்டாணித் தெரு'வுக்கு இந்த வருஷம் நாற்பது வயது. குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்று இத்தனை காலம் ஓடியதில்லை என்று பெரிய விழா எடுக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் அந்தத் தெருவில் தையல் மிஷினை மிதித்தவள் என்று என்னை மேடையேற்றிக் கௌரவிக்கப் போகிறார்களாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் தையல் கடை செட்டைப் பிரித்துக் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றியபோது ஒரு வாய்வார்த்தை சொல்லாதவர்கள்தான். போகட்டும்.

அன்றைக்கு எதைப் போட்டுக் காட்டப் போகிறார்கள் தெரியுமா? டிரைவர் மாமா எபிசோட். நம் இருவருடையது. பழைய படத்தைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிடவும் போகிறார்கள். அப்போது நீ ஒன்பது வயதுக் குழந்தை என்பதால் இப்போது உன் கையெழுத்தும் வேண்டுமாம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

விழாவுக்கும் வா. கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் இன்னும் என்னை நிறுத்தி, "உங்க பொண்ணு மிளகு எப்படி இருக்கா?" என்று கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவைக்கிறேன். எனக்கென்ன தெரியும்?

என் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிட்டேன்.

என்றும் உன்,
தையல்கார அம்மா

*

மார்ச் 11

தையல்காரருக்கு,

'அம்மா'வை விட்டுவிட்டேன். அது வசனத்தில் இருந்த வார்த்தை.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை. போன் எடுக்காததற்குக் காரணமும் சொல்லிவிடுகிறேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் நிற்காது. எத்தனை ஆயிரம் குழந்தைகளைச் சோறு தின்ன வைத்த குரல் அது. எழுத்தில் அந்த வித்தை பலிக்காது. அதனால் எழுத்திலேயே பேசுவோம்.

நீங்கள் மறந்திருக்கலாம். மறந்த மாதிரி நடிக்கவும் செய்யலாம். இரண்டுமே உங்களுக்கு நன்றாக வரும். எனக்கு நினைவிருக்கிறது. டிரைவர் மாமா பதினோரு நாள் வரவில்லை. இடைவேளையில் என்னை அந்த ஒட்டுப்பலகை பஸ்ஸில் ஏற்றி ஸ்டியரிங்கைக் கையில் கொடுக்கிற ஒரே ஆள் அவர். தினமும் கேட்டேன். மேக்கப் அக்கா "ஊருக்குப் போயிருக்காரு" என்றார். கேமராக்காரர் "அண்ணன் வீட்டுக்கு" என்றார். நீங்கள் "வந்துடுவாருடா செல்லம்" என்றீர்கள். அங்கே பெரியவர்கள் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் தெரியும், அவர் செத்துப்போய்விட்டார் என்று. எனக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். ஏன்? நிஜமான அழுகை வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் விளக்கெல்லாம் போட்டு, மூன்று கேமராவைச் சுற்றி நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். நான் அழுதபோது உங்கள் இரண்டு விரல் என் தாடைக்கு அடியில் வந்து முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பியது. அந்த விரல் இன்னும் என் தாடையில் இருக்கிறது.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஊசி குத்துகிறேன். "வலிக்கும். மூணு எண்ணு. முடிஞ்சிடும்" என்றுதான் சொல்வேன். வலிக்காது என்று ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை. அதை உங்கள் தெருவில் நான் கற்கவில்லை.

மிளகாக இருந்தவள்

*

மார்ச் 19

மிளகுக்கு,

'அன்பு' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தது தெரிகிற மாதிரியே விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உனக்கு மட்டும்தான் அவர் மாமாவா? பதினோரு வருஷம் அவரோடு ஒரே தெருவில் நின்றவள் நான். அவர் போனதும் எனக்கு அழக்கூட நேரம் தரவில்லை, வசனத்தைக் கையில் கொடுத்தார்கள். ஒன்பது வயதுக்காரிக்கு நிகழ்ந்தது அநியாயம் என்றால் முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு நிகழ்ந்தது என்ன? இப்போது உனக்கும் அதே வயதுதான். யோசித்துப் பார்.

அந்த எபிசோடுக்கு வந்த கடிதங்களைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒன்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். புருஷன் போய் இரண்டு மாதமாகப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாமல் தவித்த ஒருத்தி எழுதியது. டிவியில் நம்மைப் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறாள். முடிந்ததும் மூத்தவன் தானாகவே கேட்டானாம், "நம்ம அப்பாவும் வர மாட்டாராம்மா?" என்று. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து அழுதார்களாம். அந்தக் கடிதத்தையும் உன் கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன்னுடையது எனக்குக் கனமாகத் தெரியவில்லை.

பத்துப் பேர் என்று கணக்குச் சொல்கிறாயே, பதினோராவது ஆளை ஏன் விட்டுவிட்டாய்? உன் அப்பா. அவர் சம்மதிக்காமல் உன்மேல் ஒரு விளக்குக்கூட விழுந்திருக்காது. டைரக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சொல்லாமலே எடுங்க, சொன்னா சரியா வராது" என்று சொன்னவர் அவர்தான். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாதென்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீதான் திறக்க வைத்தாய்.

கையெழுத்துப் போடு. எனக்காக இல்லை, அந்த மூத்தவனைப் போன்றவர்களுக்காக.

தையல்கார அம்மா
(நீ விட்டாலும் நான் விடுவதாக இல்லை)

*

மார்ச் 27

தையல்காரருக்கு,

அம்மாவிடம் போய்க் கேட்டேன். என்னைப் பெற்ற அம்மாவிடம். துணி மடித்துக்கொண்டிருந்தார். "ஆமா, அப்பாதான் சரின்னாரு. நான் வேண்டாம்னு சொன்னேன், சத்தமா சொல்லல" என்றார். மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார். அப்பா படத்தை நான் சுவரிலிருந்து கழற்றவில்லை. ஆனால் மூன்று நாளாக அதற்கு நேரே உட்கார முடியவில்லை. இதைத்தானே எதிர்பார்த்தீர்கள்? நடந்துவிட்டது, சந்தோஷப்படுங்கள்.

ஆனால் அம்மா இன்னொன்றும் சொன்னார். அன்று சாயங்காலம் என்னைக் குளிப்பாட்டும்போது இடது கையில், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, கன்றிப்போய் நகக்குறியும் இருந்ததாம். என்னவென்று கேட்டதற்கு, "விழுந்துட்டேன்" என்றேனாம். நான் விழுந்த ஞாபகமே எனக்கு இல்லை.

விழுந்தால் நகக்குறி எப்படி வரும்? நான் தினமும் கைகளைப் பார்க்கிறவள். ரத்தம் எங்கே, எதனால் கட்டும் என்று எனக்குத் தெரியும்.

என்ன நடந்தது? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

மிளகாக இருந்தவள்

*

ஏப்ரல் 6

மிளகு,

சரி, கேட்டுக்கொள்.

நீ அழவில்லை.

டைரக்டர் அன்று உனக்கு வசனம் சொல்லித் தரவில்லை. "அம்மா பேசுவாங்க, உனக்குத் தோணுறதைச் சொல்லு" என்று விட்டுவிட்டார். உன்னைத் துணி வெட்டும் மேசைமேல் உட்கார வைத்து, "மிளகு, டிரைவர் மாமா செத்துப்போயிட்டாரு. இனிமே வர மாட்டாரு" என்றேன். நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, "பொய்" என்றாய். "இது கதைக்காகச் சொல்றீங்க. நெஜமா மாமா எங்க?" என்றாய். நாலு வயதிலிருந்து எங்களோடு நடித்தவள் நீ. நாங்கள் பேசுவதெல்லாம் எழுதிக் கொடுத்தது என்று உனக்குத் தெரியாதா?

யானைப் பொம்மையை ஆட்டுகிறவர் மேசைக்கு அடியில் படுத்திருந்தார். அவர் விம்மியது எனக்குக் கேட்டது. டைரக்டர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கையைச் சுழற்றினார், நிறுத்தாதே என்று. நான் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன். உன் கண் நிறைந்தது. 'வலிக்குது' என்று சொல்ல வாயெடுத்தாய். அதற்குள் உன்னை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். ஊரே பார்த்து அழுத அணைப்பு அதுதான். உன் வாயை அடைக்கத்தான் அணைத்தேன். 'பொய்' என்றதை வெட்டி எடுத்துவிட்டார்கள். விம்மலையும்.

அதற்கு நான் வெட்கப்படவில்லை. அது வேலை. வேறொன்று இருக்கிறது, அதை நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகும் நீ மாமா வருவார் என்றே திரிந்தாய். நான்காம் நாள் புது டிரைவராக ஒருவரைக் கொண்டுவந்து மாமாவின் சட்டையை மாட்டிவிட்டார்கள். நீ நேராக என் அறைக்கு வந்தாய். நான் கண்ணாடி முன் மேக்கப் கலைத்துக்கொண்டிருந்தேன். "மாமா சட்டைய ஏன் இவரு போட்டிருக்காரு?" என்றாய். நான் திரும்பவில்லை. "உங்கப்பாகிட்ட கேளு" என்றேன். கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது. மாமா நிஜமாகவே போய்விட்டார் என்று அப்போதுதான் உனக்குப் புரிந்தது. அங்கே கேமரா இல்லை. அறையில் நான் ஒருத்திதான். நான் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். நீ கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாய்.

மன்னிப்புக் கேட்பேன் என்று நினைக்காதே. மன்னிப்புக் கேட்பது எப்படி என்று குழந்தைகளுக்கு ஆறு எபிசோட் நடித்துக் காட்டியிருக்கிறேன். அந்த வார்த்தை என் வாயில் வந்தால் எனக்கே நம்பிக்கை வராது.

தையல்காரி

*

ஏப்ரல் 15

தையல்காரருக்கு,

படித்தேன். வேலைக்கு நடுவில் படித்திருக்கக் கூடாது. ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்திவிட்டேன்.

எட்டு வருஷத்துக்கு முன் என் மாமியார் இறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்து, "அம்மா போயிட்டாங்க" என்றார். நான் "பொய்" என்றேன். அழவில்லை, பதறவில்லை. அதட்டுகிற மாதிரி, "பொய்" என்றேன். அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன? அவரிடம் போய் எந்த முகத்தோடு விளக்குவேன்?

உங்கள் அலுவலகத்துக்கு நேரடியாகவே எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன், ஒரு நிபந்தனையோடு. வெட்டியதை ஒட்டிப் போடுங்கள். நான் 'பொய்' என்றது, மேசைக்கடியில் அவர் விம்மியது, உங்கள் கை, எல்லாம். உங்கள் மூத்தவனைப் போன்ற பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும். செத்துப்போய்விட்டார் என்றால் ஒரு குழந்தை முதலில் நம்பாது. அது அவர்களுக்குத் தெரிந்தால் போதும், தாங்கள் மட்டும் அப்படி இல்லை என்று தெரிந்துகொள்வார்கள். நீங்கள் செய்து காட்டியதைவிட இது உருப்படியான பாடம்.

இன்னொன்று. 'செத்துப்போயிட்டாரு' என்றீர்கள். அதற்கு மேல் இன்றுவரை யாரும் எனக்கு எதுவும் சொன்னதில்லை. எப்படி, எங்கே, என்றைக்கு? அவருக்குக் குடும்பம் இல்லை, போய்க் கேட்க. அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டால் அவரும் என் பக்கம் திரும்ப மாட்டார் என்று நினைத்தேனோ என்னவோ.

மிளகாக இருந்தவள்

*

ஏப்ரல் 28

மிளகு,

அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். பழைய டேப்பைத் தேடியெடுத்து எனக்குப் போட்டும் காட்டினார்கள். நீ 'பொய்' என்றது அப்படியே இருக்கிறது. என் கையும் மூன்றாவது கேமராவில் தெரிகிறது. வெட்டாமல் வெளியிட என் கையெழுத்தும் வேண்டுமாம்.

முடியாது என்றேன்.

எனவே அந்த எபிசோட் வராது, வெட்டியும் வராது, வெட்டாமலும் வராது. விழாவில் அதற்குப் பதிலாக, நான் பாடிய பித்தான் பாட்டைப் போடுகிறார்கள். நான் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையேறுவேன். கைதட்டுவார்கள். எனக்கு அது வேண்டும். அறுபத்தேழு வயதில் நல்லவள் என்ற பெயரைத் தவிர என்னிடம் வேறெதுவும் இல்லை. அதை உன் கையில் கொடுத்துவிட்டு நான் எதை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பேன்? கோழை என்று திட்டிக்கொள். இனி எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுதப் போவதில்லை.

நீ கேட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஷூட்டிங் கார் அவரை அழைக்கப் போயிருந்தது. அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது, அது உனக்குத் தெரியுமா? ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுக் கார்க்காரர் மாடிக்குப் போயிருக்கிறார். கதவு திறந்தே இருந்தது. மாமா வாஷ்பேசினுக்குக் கீழே கிடந்தார். ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது மாரடைப்பு. ஒரு பக்கம் முடித்திருந்தார், மறுபக்கம் சோப்பு காய்ந்திருந்தது. வெகு நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். அது நிஜமா, எங்கள் ஆறுதலுக்காகச் சொன்னதா, எனக்குத் தெரியாது. சோப்பை நான் ஈரத் துண்டால் துடைத்தேன். மறுநாள் மத்தியானம் எரித்தோம். ஒன்பது பேர் இருந்தோம். உன் அப்பாவும் வந்திருந்தார்.

உனக்கென்று அவர் எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. நானும் தேடிப் பார்த்தேன். கதையாக இருந்தால் ஏதாவது வைத்திருப்பார்கள். அவர் அறையில் இரண்டு சட்டை, ஒரு ரேடியோ, பாதி தின்ற ரொட்டி, அவ்வளவுதான்.

அவர் இறந்துவிட்டார், மிளகு. அன்றைக்கே உன்னை ஓரமாக உட்கார வைத்து இதைச் சொல்லியிருக்கலாம்.

இதை எழுத எனக்குக் கால்மணி நேரம்தான் ஆனது.

தையல்காரி