மலையில் பெய்த மழை

சாணார்பட்டி
8.5.2025

அன்புள்ள முஹ்சினா,

இங்கு எல்லோரும் நலம். நீயும் அத்தாவும் நலந்தானே? ரம்ஜானுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கல்லூரியில் வானிலைப் பாடம் நடத்துகிறவளுக்கு எங்கள் ஊரில் வானம் இருப்பது மறந்துவிட்டதா?

கிணறு வற்றிவிட்டது. இன்னும் இருபது அடி வெட்டுகிறோம். இவரும், காண்டிராக்டர் சடையாண்டியும், அவருடைய ஆட்கள் மூன்று பேரும் உள்ளே இறங்குகிறார்கள். கிரேன் நிறுத்துவதற்காக ஓடைப் பக்கத்துக் கரையை வெட்டித் தாழ்த்திவிட்டார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. இவர், "அக்னி நட்சத்திரத்துல எங்கிட்டு மழை வரும்? வேணும்னா ஒன் சிநேகிதிட்ட கேட்டுக்க" என்கிறார். கேட்டுவிட்டேன். பதிலை என் மகள் கீர்த்தனாவிடம் கொடுத்தனுப்பு. வேலைக்குத் தினமும் திண்டுக்கல் வருகிறாளே.

உன்
பொன்னழகு

திண்டுக்கல்
10.5.2025

அன்புள்ள பொன்னழகு,

எழுதாதது என் தவறுதான். பரீட்சைத் தாள்கள்.

அக்னி நட்சத்திரத்தில் மழை வரும். காலையில் வானம் துடைத்தாற்போல் இருக்கும். பகலில் தரை காய்ந்து சூடான காற்று மேலே எழும். கிழக்கேயிருந்து ஈரக்காற்றும் சேர்ந்தால் சிறுமலைச் சரிவில் மூன்று மணி வாக்கில் இடிமேகம் கட்டிவிடும். அந்த மழை மலையோடு நின்றுவிடலாம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே ஓடையில் தண்ணீர் வரும். ஆகவே மலையைப் பாருங்கள். பகல் ஒரு மணிக்கு எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும். முதலில் அந்தக் கரையை அடைக்கச் சொல்.

முஹ்சினா

சாணார்பட்டி
15.5.2025

அன்புள்ள முஹ்சினா,

வழக்கம்போல அவர் சாப்பிடும்போது உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அம்புட்டுத் தூரத்துல மலையில பேஞ்சா நமக்கென்ன?" என்றார். இருந்தாலும் நாலு நாள் ஒரு மணிக்கு ஏறினார்கள். நாலு நாளும் மேகம் கறுத்தது, கலைந்தது. "டீச்சரம்மா ரூமுக்குள்ள ஒக்காந்து மேகத்த எண்ணுறாகளாக்கும்" என்று சடையாண்டி கேலி பேசுகிறார். கரையை அடைக்கவில்லை. இனிமேல் மாலை வரை வேலை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

போனில் கேட்க முடியாது, அவர் பக்கத்திலேயே இருக்கிறார். எனக்காக ஒன்று செய். 'நிச்சயம் மழை வரும்' என்று ஒரே ஒரு வரி எழுது. இந்த 'வாய்ப்பு, வாய்ப்பு' எல்லாம் அவர் காதில் ஏறாது. நிச்சயம் என்றால் ஏறிவிடுவார்.

பொன்னழகு

திண்டுக்கல்
17.5.2025

பொன்னழகு,

எழுத மாட்டேன். நிச்சயம் என்று எழுதி அன்று பொய்த்தால், மறுநாள் என் பேச்சை யார் கேட்பார்கள்? அந்த மறுநாளை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: 19, 20 இரண்டு நாளும் ஈரக்காற்று கூடுகிறது. மலையில் கனமழைக்குப் பத்தில் ஆறு வாய்ப்பு. 20ஆம் தேதி இன்னும் அதிகம். இதை அப்படியே படித்துக் காட்டு.

முஹ்சினா

சாணார்பட்டி
23.5.2025

முஹ்சினா,

உன் கடிதத்தை நான் அப்படியே படிக்கவில்லை. '19ஆம் தேதி நிச்சயம்' என்று நீ எழுதியது போலப் படித்தேன். அவர் கை நின்றது. "டீச்சரே சொல்லிருச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

19ஆம் தேதி ஒருவரும் இறங்கவில்லை. ஒரு துளி விழவில்லை. சடையாண்டி பொழுதுக்கும் சிரித்துக்கொண்டிருந்தார்.

20ஆம் தேதி நான் குறுக்கே நின்று மறித்தேன். "நேத்தும் இதத்தான சொன்ன" என்று விலக்கிவிட்டு, சாப்பிட்ட கையோடு இறங்கினார்கள். மூன்றேகாலுக்கு இங்கே நல்ல வெயில். ஓடை வந்தது. கரையை வெட்டிய இடத்தில் தண்ணீர் அப்படியே உள்ளே பாய்ந்தது. நாலு பேர் கிரேன் தொட்டியில் ஏறிவிட்டார்கள். சடையாண்டியின் ஆள் பழனிக்குமார் மேல் பக்கவாட்டு மண் சரிந்தது. தூக்கிவிட்டார்கள், உயிர் இருக்கிறது. இரண்டு காலிலும் உணர்வில்லை என்கிறார்கள். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார்.

டீச்சர் நிச்சயம் என்று சொன்ன மழை பொய்த்ததால்தான் மறுநாள் இறங்கினார்கள் என்று ஊரே உன்னைத் திட்டுகிறது. இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று உன் கடிதத்தை இவர் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதுல நிச்சயம்னு எங்க இருக்கு?" என்றார். அதற்குப்பின் என்னோடு பேசவில்லை.

நீயாவது ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

பொன்னழகு

திண்டுக்கல்
26.5.2025

பொன்னழகு,

திட்ட வரவில்லை. மன்னித்தேனா என்று கேட்காதே, எனக்கே இன்னும் தெரியவில்லை.

உன் வீடு இங்கிருந்து முக்கால் மணி நேரப் பஸ். கரை வெட்டியிருக்கிறது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நேரில் வந்து உன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். சரியாக எழுதினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழனிக்குமாரின் மனைவி, "நீங்கதான் அந்த டீச்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெளியே போகச் சொல்லிவிட்டார். நான் எழுதியது வேறு என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதைச் சொல்ல வேண்டியவள் நீ. நாளை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன். வந்தால் இருவரும் சேர்ந்து உள்ளே போவோம். வராவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

முஹ்சினா